எப்படிப்பட்ட இங்கிலீஷ் வாத்தியார் வேண்டும்?

பட்டணங்களில் இன்று "இங்கிலீஷ் கற்றுக் கொடுக்கப்படும்" என்று போர்டு தொங்காத தெருவைக் காண்பது கஷ்டமாயிருக்கின்றது. கிராமத்தில் இருப்பவர்களோ பிள்ளைகளை மாலையில் பஸ் ஏற்றிப் பக்கத்து டவுனுக்கு அனுப்புகின்றார்கள். கூலி வேலை செய்கின்றவர்கள்கூட வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மாதா மாதம் டியூஷன் சம்பளம் கொடுத்து வருகின்றார்கள். இவ்வளவு செலவுக்கும் பலன் என்ன என்று பார்ப்போமானால், இரண்டு வருஷம் டியூஷன் படித்த பையனிடம் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையைக் கொடுத்து, "இந்தப் பத்தியில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேட்டால் விழிக்கின்றான். "உங்கள் ஊர்ச் சந்தையைப் பற்றிப் பத்து வரி எழுது" என்றால், மனப்பாடம் செய்து வைத்திருக்கும் "தபால்காரன்" வியாசத்தை எழுதி நீட்டுகின்றான். ஆதலால் இங்கிலீஷ் படிப்புக்கும் வியாசம் எழுதுவதற்கும் வாத்தியார் தேடும் தோழர்கள் எதைப் பார்த்துத் தேட வேண்டும் என்பதைப் பற்றி இவ்வாரம் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றோம்.

முதலாவதாக, இங்கிலீஷ் தெரிந்தவன் உயர்ந்தவன், தெரியாதவன் தாழ்ந்தவன் என்பது நமது அபிப்பிராயமல்ல. அப்படிக் கருதுவது பழைய ஜாதித் திமிருக்குப் புதிதாய்க் கால்சட்டை மாட்டிவிடுவதேயாகும். நமக்கு இங்கிலீஷ் வேண்டியிருப்பது வேறு காரியத்துக்காகும். அரசியல் சட்டத்தின் 348-வது பிரிவையொட்டி சுப்ரீம் கோர்ட்டு நடவடிக்கையும் நமது சென்னை ஹைக்கோர்ட்டு நடவடிக்கையும் இங்கிலீஷிலேயே நடக்கின்றன. தன் நிலம் தங்கிற்றா, போயிற்றா என்று அறிய ஆசைப்படும் குடியானவன், தன்னைப் பற்றிய தீர்ப்பையே இன்னொருவரிடம் கொடுத்துப் படித்துச் சொல்லும்படி கைகட்டி நிற்க வேண்டியிருக்கின்றது. வைத்தியம், யந்திரம், விஞ்ஞானம் ஆகியவற்றின் மேல்படிப்புப் புத்தகங்களும் பெரும்பாலும் அந்தப் பாஷையிலேயே இருக்கின்றன. இவையெல்லாம் தமிழில் வரவேண்டியதுதான். அதற்கான முயற்சியும் நடக்கவேண்டியதுதான். ஆனால் வரும் வரையில் நடுவில் ஒரு தரகன் நின்று, அவன் சொன்னதே அர்த்தம், அவன் எழுதினதே மனு என்று இருப்பது நமக்குக் கேடல்லவா? படிக்கத் தெரிந்தால் ஒரு தரகன் ஒழிந்தான். எழுதத் தெரிந்தால் மற்றொரு தரகன் ஒழிந்தான். இதற்காகத்தான் இங்கிலீஷ் வேண்டும் என்கின்றோம்.

இப்படித் தரகனை ஒழிப்பதற்காகப் படிக்கும் படிப்பிலேயே ஒரு தரகன் வந்து உட்கார்ந்து கொண்டானானால் என்ன செய்வது? இன்று அநேக டியூஷன்களில் நடப்பது அதுதான். வாத்தியார் ஒரு வியாசத்தைச் சொல்லுகின்றார்; நாற்பது பிள்ளைகள் எழுதிக் கொள்ளுகின்றார்கள்; வீட்டிற்குப் போய் உருப்போடுகின்றார்கள்; பரீட்சையில் கக்குகின்றார்கள். அர்த்தம் தெரியாமல் மந்திரத்தை ஒப்பிக்கின்றவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். அங்கு புரோகிதர் இல்லாவிட்டால் சடங்கு நடக்காது. இங்கு வாத்தியாரின் நோட்டு இல்லாவிட்டால் வியாசம் நடக்காது. இரண்டு இடத்திலும் தக்ஷணை மாத்திரம் தவறாமல் நடக்கின்றது.

இன்னும் சிலர் பள்ளிக்கூடத்தில் பாதியைச் சொல்லிவிட்டு, மீதியை மாலையில் வீட்டிற்கு வந்து பணம் கட்டிக் கேட்டுக் கொள்ளும்படி செய்கின்றார்கள். தோழர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2009-ம் வருஷத்திய இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 28-வது பிரிவு, பள்ளி உபாத்தியாயர் எவரும் பிரைவேட் டியூஷன் நடத்தக் கூடாது என்று தெளிவாய்ச் சொல்லுகின்றது. ஆகவே பள்ளியில் சொல்லவேண்டிய பாடத்தைப் பள்ளியிலேயே சொல்லும்படி கேட்பது பெற்றோருடைய உரிமையாகுமே தவிர, பிச்சையாகாது.

நிற்க, அப்படியானால் ஒரு பாஷையைப் படிக்கவும் எழுதவும் உண்மையில் எப்படித்தான் கற்றுக் கொள்ளுகின்றார்கள்? வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமலே இங்கிலீஷில் பேரெழுத்தாளரான இருவரைப் பார்ப்போம். இருவரும் அமெரிக்காக்காரர்கள்.

1706-ல் பாஸ்டன் நகரத்தில் பிறந்த பெஞ்சமின் பிராங்க்ளின், மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து பிழைத்தவருடைய மகன். பத்து வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. பன்னிரண்டு வயதில் அண்ணன் அச்சுக்கூடத்தில் வேலை பழகப் போனார். பெண்களுக்குக் கல்வி தகுமா என்று ஒரு சிநேகிதனோடு கடிதத்தில் வாதாடினார்; தகும் என்பதே பிராங்க்ளின் கட்சி. அக்கடிதங்களைப் பார்த்த தகப்பனார், எவன் கட்சி சரி என்பதில் தலையிடாமல், "எழுத்துப் பிழை உன்னிடம் குறைவு, ஆனால் நடையும் ஒழுங்கும் தெளிவும் போதாது" என்ற கருத்தை இடம் இடமாய்க் காட்டி விளக்கினார். அதற்குமேல் பையன் தனக்குத் தானே வாத்தியாரானார். "ஸ்பெக்டேட்டர்" என்னும் பத்திரிகைத் தொகுதியில் ஒரு புத்தகம் கைக்குக் கிடைத்தது. அதில் ஒரு வியாசத்தைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாய் எழுதிச் சில நாள் ஒதுக்கி வைப்பார். பிறகு மூலத்தைப் பாராமல் அக்குறிப்புகளைக் கொண்டு தம் சொந்த வார்த்தையில் வியாசத்தை எழுதுவார். அப்புறம் மூலத்தோடு ஒத்துப் பார்த்துத் தம் பிழையைத் தாமே திருத்துவார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, வரிசைப்படுத்தப் பழகுவார். இதற்கெல்லாம் நேரம் ஏது என்றால், வேலைக்கு முன் விடியற்காலையும், வேலைக்குப் பின் இரவும், மாதாகோவிலுக்குப் போகாமல் தப்பிய ஞாயிற்றுக் கிழமையுமேயாகும்!

மற்றவர் பிரடெரிக் டக்ளஸ். அவர் அடிமையாய்ப் பிறந்தவர். பால்டிமோர் நகரத்தில் எஜமானியம்மாள் எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். எஜமான் அறிந்து, படிப்பு வந்தால் இவன் அடிமையாயிருக்க லாயக்கற்றவனாகி விடுவான் என்று தடுத்துவிட்டான். அந்தத் தடையிலிருந்தே படிப்பின் மதிப்பைப் பையன் அறிந்துகொண்டார். கடைக்குப் போகும்போது ரொட்டியை எடுத்துச் சென்று, தெருவில் பசியோடிருந்த ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாகப் பாடம் கேட்டார். கப்பல் கட்டும் இடத்தில் மரத்தில் எழுதியிருந்த எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினார். எஜமானுடைய பிள்ளை எழுதித் தீர்த்த நோட்டில் மிஞ்சிய இடத்தில் எழுதினார். 1838-ல் அடிமைத்தனத்திலிருந்து தப்பி, 1845-ல் தம் சரித்திரத்தை இங்கிலீஷில் எழுதி வெளியிட்டார். அவருக்குக் கிடைத்த வாத்தியார்களுக்குப் பட்டமும் இல்லை, போர்டும் இல்லை.

இவ்விருவர் விஷயத்திலிருந்தும் வாத்தியாருடைய வேலை இன்னதென்று விளங்குகின்றது. மாணவனுக்குப் பதிலாய் எழுதிக் கொடுப்பது அவர் வேலையல்ல. மாணவன் எழுதினதில் குறை எங்கே என்று காட்டி, மறுபடி எழுத வைப்பதே அவர் வேலை. இதை வைத்துக் கொண்டு வாத்தியாரைப் பரீட்சை செய்யலாம்.

முதல் நாளிலேயே மாணவனை ஒரு பக்கம் படிக்கச் சொல்லி, அதைத் தமிழில் சொல்லச் செய்து, பிறகு அரைப் பக்கம் இங்கிலீஷில் எழுத வைத்துப் பார்க்கின்றாரா? நோய் பாராமல் மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் யாரும் போவதில்லையே. அடுத்தபடியாக, அவரிடம் படிக்கும் நாலு பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் பாருங்கள். நாலிலும் ஒரே வியாசம் இருந்தால் வந்த வழியே திரும்புங்கள். பிள்ளையின் சொந்த வாக்கியமும், அதில் வாத்தியாரின் அடையாளமும், அதன் கீழே திருத்தி எழுதினதும் இருந்தால் உட்காருங்கள். ஒரு நோட்டைத் திருத்த ஐந்து நிமிஷம் என்றால், நாற்பது நோட்டுக்கு 200 நிமிஷம், அதாவது மூன்று மணிக்கு மேல் பிடிக்கும். ஒரு மணி நேர டியூஷனில் நாற்பது பேரை அடைப்பவர் திருத்தப் போவதில்லை என்பது கணக்கிலேயே தெரிகின்றது. சம்பளத்தையும் மாதா மாதம் கொடுக்க வேண்டுமே ஒழிய, வருஷப் பணத்தை முன்னதாய்க் கட்டி அகப்பட்டுக் கொள்ளக் கூடாது.

தமிழ் வாயில் வந்தால் அபராதம் போடுகின்றவரையும் நாம் சிபாரிசு செய்யமாட்டோம். நம் பிள்ளைகளின் பிழைகளில் அநேகம் தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் உள்ள வித்தியாசத்தால் வருகின்றன. தமிழில் வினை கடைசியில் வரும். இங்கிலீஷில் எழுவாயை அடுத்தே வந்துவிடும். "சந்தைக்கு", "சந்தையில்" என்று நாம் வார்த்தையின் வாலில் ஒட்டுவதை அவர்கள் தனி வார்த்தையாய் முன்னால் வைக்கின்றார்கள். "நேற்று வந்த பையன்" என்று நாம் சொல்லுவதில், அவர்கள் பையனை முதலில் சொல்லிவிட்டு, அவன் நேற்று வந்ததைப் பின்னால் சொல்லுவார்கள். "ஏ", "தி" என்னும் சிறு வார்த்தைகளுக்குச் சமமாய் அப்படியே நம்மிடம் ஒன்றுமில்லை. இவற்றைத் தமிழைக் கொண்டே விளக்கினால் ஒரு மாதத்தில் தெளியும். அதட்டினால் பத்து வருஷத்திலும் தெளியாது.

இப்போது செல்போனில் யந்திரமே ஒரு நிமிஷத்தில் வியாசம் எழுதித் தருகின்றது. யந்திரத்தின் மேல் நமக்கு விரோதமில்லை. தான் எழுதினதில் பிழை எங்கே என்று அதைக் கேட்பவனுக்கு அது நல்ல துணையாகும். தனக்குப் பதிலாய் எழுதச் சொல்லுகின்றவனுக்கு அது பழைய நோட்டு வாத்தியாரேதான். சம்பளம் மாத்திரம் குறைவு.

கடைசியாக, வாத்தியாரின் ஜாதியைப் பார்த்து "அவர்களுக்குத்தான் இங்கிலீஷ் வரும்" என்று இன்னமும் எண்ணுகின்றவர்கள் இருக்கின்றார்கள். அது மூடநம்பிக்கையேயாகும். அண்ணனை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு, "இருட்டுகிறது" என்று தங்கையை வீட்டில் நிறுத்துவது அதைவிடக் கொடுமையாகும். இருட்டு பெண்ணின் குற்றமா? ஊரில் காலேஜ் படிக்கும் பெண் ஒருத்தி இருந்தால், அவளையே வாத்தியாராக்கி, நாலைந்து பெண்களைச் சேர்த்து, சம்பளத்தைப் பங்கிட்டுக் கொடுத்தால் போகின்றது. வயதான தோழர்களும் வெட்கப்பட வேண்டியதில்லை. தெரியாததைக் கேட்பதில் என்ன அவமானம்? தெரிந்ததாய் நடித்துக் கையெழுத்துப் போட்டு ஏமாறுவதுதான் அவமானம்.

ஆகவே ஒவ்வொரு ஊரிலும் படிப்பகம் வைத்திருக்கும் தோழர்கள் வாரத்தில் இரண்டு மாலையை இதற்கென்று ஒதுக்க வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகின்றோம். ஒரு மாலை பத்திரிகையில் ஒரு பத்தியைப் படித்து அர்த்தம் சொல்லட்டும். மறு மாலை அதைத் தம் வார்த்தையில் எழுதி, ஒருவர் எழுதினதை மற்றவர் பார்க்கட்டும். இங்கிலீஷ் அறிந்த உத்தியோகஸ்தர்களும் மாணவர்களும் வந்து பிழையைக் காட்டட்டும். ஒரு வருஷம் சென்று, ஊரில் ஒருவராவது கலெக்டர் ஆபீசிலிருந்தோ கோர்ட்டிலிருந்தோ வந்த இங்கிலீஷ்க் காகிதத்தைத் தாமே படித்து, தாமே பதில் எழுதுவாரானால், அன்றைக்கு அந்த ஊரில் ஒரு தரகனுக்குப் பிழைப்பு போயிற்று என்று நாம் மகிழ்ச்சியடைவோம்.