பாரீஸ் மேடையில் இந்தியக் கையொப்பம்: புகழ் யாரைச் சென்றடைகிறது?

புதுடெல்லி: இந்திய ஆடை வடிவமைப்பாளர் ஒருவர் பாரீஸில் தமது படைப்புகளைக் காட்சிப்படுத்துவது பத்து ஆண்டுகளுக்கு முன்பு வரை அரிய நிகழ்வாக இருந்தது. இன்று அது ஆண்டுதோறும் எதிர்பார்க்கப்படும் ஒன்றாகிவிட்டது. 2020 ஜனவரியில் 'ஹாட் கூட்யூர்' எனப்படும் உயர்தர ஆடை வாரத்துக்கு அழைக்கப்பட்ட முதல் இந்திய வடிவமைப்பாளர் என்ற பெருமையை ராகுல் மிஸ்ரா பெற்றார். 2021-ல் வைஷாலி ஷடங்குலே, 2023-ல் கௌரவ் குப்தா ஆகியோர் அதே வாரத்தில் அறிமுகமாயினர்.

இந்த அழைப்பின் மதிப்பு சாதாரணமானதல்ல. 'ஹாட் கூட்யூர்' என்ற பெயரைப் பிரான்ஸில் எவரும் விருப்பம்போல் பயன்படுத்த இயலாது. 1945 முதல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. எந்த நிறுவனம் பட்டியலில் இடம்பெறலாம், எந்த வெளிநாட்டவரை விருந்தினராக அழைக்கலாம் என்பதை அந்நாட்டின் தொழில் அமைப்பே நெறிப்படுத்துகிறது. கான்பூருக்கு அருகிலுள்ள மல்ஹவுசி கிராமத்தில் பிறந்து, இயற்பியல் பயின்று, பின்னர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்த ஒருவர் அந்த வாசலைக் கடந்தார். அதற்கான அடித்தளம் அதற்கு முன்பே அமைந்திருந்தது. ஆஸ்திரேலியக் கம்பளித் துறை வழங்கும் சர்வதேச வுல்மார்க் விருதை 2014-ல் மிஸ்ரா வென்றார். அவரைத் தொடர்ந்து 2016-ல் சுகேத் தீர், 2018-ல் ருச்சிகா சச்தேவா ஆகியோரும் அதே விருதைப் பெற்றனர்.

இதற்கு முந்தைய தலைமுறையின் பயணம் வேறு விதமானது. மணீஷ் அரோரா 2011-ல் பிரான்ஸின் பாக்கோ ரபான் நிறுவனத்தின் படைப்புத் தலைவராக நியமிக்கப்பட்டார். மும்பையில் பிறந்த நயீம் கான் நியூயார்க்கில் தமது நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார். 2009-ல் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங்குக்கு வெள்ளை மாளிகையில் அளிக்கப்பட்ட விருந்தில் மிஷெல் ஒபாமா அணிந்தது அவர் வடிவமைத்த உடை. அவர்கள் மேலைநாட்டு நிறுவனத்துக்குள்ளோ மேலைநாட்டு நகரத்திலோ நின்று புகழ் பெற்றனர். இன்றைய தலைமுறையினரோ டெல்லியிலும் மும்பையிலும் பட்டறைகளை வைத்துக்கொண்டு, தங்கள் சொந்தப் பெயரிலேயே பாரீஸுக்குச் செல்கின்றனர். உண்மையான மாற்றம் இதுதான்.

ஏனெனில் இந்தியக் கைத்திறன் பாரீஸுக்குப் புதியதல்ல. ஐரோப்பிய ஆடை நிறுவனங்களின் மணி வேலைப்பாடுகளும் ஜரிகை வேலைப்பாடுகளும் பல ஆண்டுகளாக மும்பைப் பட்டறைகளில்தான் உருவாகி வருகின்றன. பிரான்ஸின் புகழ்பெற்ற எம்பிராய்டரிக் குடும்பத்தைச் சேர்ந்த ழான் பிரான்சுவா லெசாஜ் 1993-ல் சென்னையில் பட்டறை தொடங்கியதும் இங்குள்ள திறனை நம்பித்தான். பூவேலை செய்யப்பட்ட துணித் துண்டுகள் இங்கிருந்து கப்பலேறும். அங்கே வெட்டித் தைக்கப்படும். ஆடையின் உட்புறத்தில் தைக்கப்படும் பட்டையில் இத்தாலியின் பெயரோ பிரான்ஸின் பெயரோ இருக்கும். வேலை மறைவதற்கு யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. இறுதித் தயாரிப்பு எங்கு நடந்ததோ அந்த நாட்டின் பெயரைக் குறிப்பிடும் வணிக வழக்கமே அதைச் செய்துவிடுகிறது.

இந்த மௌனம் 2023 மார்ச் 30 அன்று ஓரளவு கலைந்தது. கிறிஸ்டியன் டியோர் நிறுவனம் மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்பு ஆடை அணிவகுப்பை நடத்தி, தனக்கு எம்பிராய்டரி செய்து தரும் சாணக்யா நிறுவனத்தின் பங்களிப்பை வெளிப்படையாக அறிவித்தது. ஆயினும் அது அந்நிறுவனம் விரும்பிச் செய்த ஒன்று, கட்டாயத்தால் அல்ல.

கோலாப்பூர் செருப்பு எழுப்பிய கேள்வி

அத்தகைய விருப்பம் இல்லாத இடத்தில் என்ன நிகழும் என்பதை 2025 ஜூன் 22 அன்று மிலானில் நடந்த பிராடா நிறுவனத்தின் ஆடவர் ஆடை அணிவகுப்பு காட்டியது. அதில் இடம்பெற்ற தோல் செருப்புகள் கோலாப்பூர் செருப்புகளை அப்படியே ஒத்திருந்தன. இந்தியாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகே, இந்தியக் கைவினையிலிருந்து உந்துதல் பெற்றதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது.

கோலாப்பூர் செருப்புக்கு 2019-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மகாராஷ்டிராவிலும் கர்நாடகாவிலும் தலா நான்கு மாவட்டங்கள் அதன் எல்லைக்குள் வருகின்றன. ஆனால் 1999-ம் ஆண்டுச் சட்டம் முதன்மையாகக் காப்பது பெயரைத்தான், வடிவத்தை அல்ல. 'கோலாப்பூரி' என்று சொல்லி விற்றால் வழக்குத் தொடரலாம். பெயரைச் சொல்லாமல் விற்றால் சட்டத்தின் பிடி தளர்ந்துவிடும். வடிவமைப்புகளுக்கான தனிச் சட்டமும் இங்கு உதவாது, அது புதிய வடிவங்களுக்கு மட்டுமே உரியது. தலைமுறைகளாகப் புழங்கும் ஒன்று எப்படிப் புதியதாகும்? இது தொடர்பான பொதுநல வழக்கை மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தள்ளுபடி செய்தது. குறியீட்டின் பதிவு உரிமையாளர்கள்தான் நீதிமன்றத்தை நாட வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு.

அந்த உரிமையாளர்களான இரு மாநிலத் தோல் தொழில் வளர்ச்சிக் கழகங்களுடன் பிராடா 2025 டிசம்பரில் உடன்பாடு செய்துகொண்டது. சுமார் 2,000 ஜோடிகள் இந்தியாவிலேயே தயாரிக்கப்படும், ஒரு ஜோடியின் விலை சுமார் 800 யூரோ என்று அறிவிக்கப்பட்டது. கோலாப்பூர்க் கடைவீதியில் அதே வகைச் செருப்பைச் சில நூறு ரூபாய்க்கே வாங்கிவிடலாம்.

உள்நாட்டிலும் அதே கேள்வி

வெளிநாட்டு நிறுவனங்களிடம் கேட்கப்படும் கேள்வி இந்திய வடிவமைப்பாளர்களுக்கும் பொருந்தும். 2021 ஆகஸ்டில் சப்யசாச்சி முகர்ஜி, எச் அண்ட் எம் நிறுவனத்துடன் இணைந்து வெளியிட்ட ஆடைகள் சில நிமிடங்களிலேயே விற்றுத் தீர்ந்தன. சாங்கனேர் அச்சு மரபை நினைவூட்டிய அத்துணிகள் கைவினைஞர்களின் கைகளில் உருவாகாமல் ஆலையில் அச்சிடப்பட்டவை என்று கைவினை அமைப்புகள் பகிரங்கக் கடிதம் மூலம் ஆட்சேபம் தெரிவித்தன. அதே சப்யசாச்சியின் சேலையை 2024-ல் நியூயார்க் மெட் காலா நிகழ்ச்சியில் ஆலியா பட் அணிந்தபோது, 163 பேர் 1,965 மணி நேரம் உழைத்து அதை உருவாக்கினர் என்று அறிவிக்கப்பட்டது. சராசரியாக ஒருவருக்குப் பன்னிரண்டு மணி நேரம். எண்ணிக்கை சொல்லப்பட்டது முன்னேற்றமே. ஆனால் அந்த 163 பேரில் ஒருவரின் பெயரும் செய்திகளில் இடம்பெறவில்லை.

ராகுல் மிஸ்ரா இதில் வேறு வழியைத் தேர்ந்தவர். தாராவியின் நெருக்கடியான குடியிருப்புகளில் வசித்த எம்பிராய்டரித் தொழிலாளர்கள் மேற்கு வங்கத்திலுள்ள சொந்தக் கிராமங்களுக்குத் திரும்பி, அங்கிருந்தே வேலை செய்ய ஏற்பாடு செய்ததாக அவர் கூறி வருகிறார். பாரீஸில் கிடைத்த கைத்தட்டலைவிட இந்த ஏற்பாடு கூடுதல் கவனத்துக்குரியது.

இனி வரும் அழுத்தம் முதலீட்டிலிருந்து வரக்கூடும். 2021-ல் ஆதித்ய பிர்லா குழுமம் ரூ.398 கோடிக்குச் சப்யசாச்சி நிறுவனத்தின் 51 சதவீதப் பங்குகளை வாங்கியது. அதே ஆண்டில் மணீஷ் மல்ஹோத்ராவின் நிறுவனத்தில் 40 சதவீதப் பங்கை ரிலையன்ஸ் வாங்கியது. மிஸ்ராவும் ரிலையன்ஸுடன் சேர்ந்து ஆயத்த ஆடைகளுக்கெனத் தனி நிறுவனம் தொடங்கியுள்ளார். பெரு நிறுவனங்கள் ஆண்டுதோறும் வளர்ச்சியை எதிர்பார்க்கும். கைவேலையோ அவசரத்துக்கு வளைந்து கொடுக்காது. எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமானால் ஒன்று கைகளைக் கூட்ட வேண்டும். அல்லது இயந்திரத்தை நாட வேண்டும்.

கைகளைக் கூட்டுவது எளிதல்ல என்பதை 2019-20-ல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு உணர்த்துகிறது. நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் உள்ளனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் ரூ.5,000-க்கும் குறைவான வருமானத்தில் வாழ்வதாக அக்கணக்கெடுப்பு பதிவு செய்துள்ளது. அக்குடும்பங்களின் அடுத்த தலைமுறை தறியில் அமருமா என்பது பாரீஸில் முடிவாவதல்ல. வடிவமைப்பாளரின் பட்டறையிலிருந்து இடைத்தரகர் வழியே நெசவாளரின் வீட்டுக்கு வந்து சேரும் கூலியே அதைத் தீர்மானிக்கும்.