மடித்துத் திறந்த குழல்
கேரளத்துப் போனக்காடு எஸ்டேட் லயங்களுக்குப் பின்னால் பன்றி கிளறிப்போட்ட மண்ணைப் பார்த்ததிலிருந்து எந்தத் துப்பாக்கி நல்லது என்றே யோசனை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. ஆனால் கேரளத்தில் 2022 முதல், உள்ளாட்சித் தலைவர் உத்தரவிட்டால், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை உரிமம் உள்ளவர் சுடலாம். களிமண் தட்டைச் சுடும் டிராப் போட்டிக்கும் பன்றிக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி வாங்க நினைக்கும் நண்பர் செமி-ஆட்டோமேட்டிக் என்கிறார். தோளில் உதை குறைவு, உண்மைதான். என் மனமோ, 2024 பாரிஸ் ஒலிம்பிக் டிராப் போட்டியில் நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் ஏந்திய மேல்-கீழ் இரட்டைக்குழல் பக்கமே நிற்கிறது. அதை மடித்துத் திறந்துவிட்டால் சுட முடியாது என்பது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். செமி-ஆட்டோமேட்டிக்கில் அது அப்படிப் பளிச்சென்று தெரியாது. பிள்ளைகள் நடக்கும் எஸ்டேட் பாதையில் எனக்கு அதுதான் பெரிது.