ஆற்றில் போடுவதை அளப்பார் யார்?

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் மொழி. செலவில் சிக்கனம் வேண்டும் என்பதற்காகப் பிறந்த பழமொழி அது. இன்றோ அதனைச் சொல்லுக்குச் சொல் பொருள்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. கண்டி மாநகரம் மகாவலி கங்கையில் நாள்தோறும் போடுவதை அளப்பாருமில்லை, தடுப்பாருமில்லை.

கண்டி வாவிக் கரையில் நின்று மீன்களுக்குப் பொரி தூவி மகிழும் மக்களை எந்நாளும் காணலாம். உயிரிரக்கம் போற்றற்குரியதே. ஆனால் அதே வாவியிலிருந்து வழியும் நீர் மெத-எல என்னும் கால்வாயாகி, நகரின் கடை, விடுதி, வீடு, பட்டறை ஆகியவற்றின் கழிவையெல்லாம் வாரிச் சுமந்துகொண்டு கெட்டம்பேயின் அருகே மகாவலியிற் கலக்கிறது. சற்றுக் கீழே, கொஹாகொடவில் ஆற்றங்கரையிலேயே பல்லாண்டுகளாகக் குவிக்கப்பட்ட குப்பை மேட்டிலிருந்து கசியும் கருநீரும் அதனுடன் சேர்கிறது. அந்த ஆற்றிலிருந்தே குடிநீரும் எடுக்கப்படுகிறது. வாவி மீனுக்குப் பொரி. ஆற்று மீனுக்கு நஞ்சு. இஃதென்ன நீதி?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் கடலுக்கு மட்டும் உரியதன்று; ஆறு, ஏரி, குளம், ஓடை அனைத்தையும் தழுவியது. அதன் 27 ஆம் பிரிவு, நஞ்சையோ வெடியையோ பயன்படுத்தி மீன் பிடிப்பதைக் குற்றமாக்குகிறது. ஆற்றில் வெடி எறிபவனும் நஞ்சு கலப்பவனும் தண்டிக்கப்பட வேண்டியவர்களே. ஒரு வெடி பெரிய மீனோடு குஞ்சையும் முட்டையையும் சேர்த்தே அழிக்கிறது. இதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் அப்பிரிவை ஊன்றிப் படியுங்கள். மீனைக் கொல்லவோ மயக்கவோ வேண்டும் என்னும் நோக்கத்துடன் நஞ்சிடுபவனையே அது குறிக்கிறது. ஒரு கோப்பை நஞ்சோடு ஆற்றில் இறங்கும் ஏழை அகப்படுவான். நாள் முழுதும் கழிவைத் திறந்துவிடும் செல்வர்க்கு மீன் பிடிக்கும் நோக்கம் இல்லையாதலால் அவர் அப்பிரிவினுள் வாரார். அவரைப் பிடிக்க 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் உண்டு. அனுமதியின்றிக் கழிவை வெளியேற்றல் அதன்படி குற்றம். முதற்சட்டம் ஏழையின் கழுத்துவரை நீள்கிறது. இரண்டாவது சட்டம் செல்வரின் வாயில்வரை சென்று திரும்பிவிடுகிறது. குறை ஏட்டிலன்று, ஏட்டைக் கையிலேந்தியவரிடம்.

ஆற்றுக்கு உடையவர் எவர்? 2000 ஆம் ஆண்டில் எப்பாவல பொசுபேற்று வழக்கிலே உயர் நீதிமன்றம் இதற்கு விடையளித்தது. இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளன் அன்று, மக்களின் பொருட்டு அவற்றைக் காக்கும் பொறுப்பாளனே என்பது அத்தீர்ப்பின் சாரம். 2019 இல் சுன்னாகத்து நிலத்தடி நீர் எண்ணெயால் மாசுற்ற வழக்கிலும் மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்று அதே மன்றம் தீர்ப்பளித்தது. சுன்னாகத்துக் கிணற்றுக்குரிய நீதி கண்டி ஆற்றுக்கும் உரியதன்றோ?

மகாவலிப் படுகைக்கே உரிய மீனொன்று உண்டு. சிங்கள மக்கள் அதனைக் 'கடயா' என்பர். 1917 இல் அறிவியலார் அதற்குப் பெயரிட்டனர். பாறைகளினிடையே விரைந்தோடும் ஆழ்நீரே அதன் வீடு. 1976 இல் பொல்கொல்லையிலும், 1985 இல் கொத்மலையிலும் விக்டோரியாவிலும் அணைகள் எழுந்தன. அவற்றால் மின்னொளி வந்தது. வறண்ட வயல்களுக்கு நீர் சென்றது. அந்நன்மையை மறுப்பது நன்றிகேடு. எனினும் ஓடிய நீர் தேங்கிற்று, 'கடயா' அருகிற்று. இன்று அது உலக அளவில் அழிவபாயப் பட்டியலில் நிற்கிறது.

பழங்கதையொன்றும் நினைவுக்கு வருகிறது. 1880 களில் வெள்ளைத் தோட்டத் துரைமார் தம் தூண்டில் இன்பத்துக்காக ட்ரவுட் மீனின் முட்டைகளைக் கடல் கடந்து கொணர்ந்து நுவரெலியா ஓடைகளில் வளர்த்தனர். அவ்வந்த மீனுக்குக் கழகம் இருந்தது, அனுமதிச் சீட்டு இருந்தது, காவல் இருந்தது. சொந்த மண்ணின் மீனுக்கு ஒரு காவலனும் இல்லை. துரைமார் போய்விட்டனர், அந்தப் பாராமுகம் மட்டும் போகவில்லை.

இது மீனின் வழக்கு மட்டுமன்று. 1952 இல் வந்த திலாப்பியா, ஏழையின் சட்டிக்கு மலிவான உணவாயிற்று. 1990 இல் நன்னீர் மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை அரசு நிறுத்தியது. 1994 இல் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட நான்காண்டும் வருந்தியவர் குளத்தை நம்பிய குடும்பத்தினரே.

தமிழருக்கு இதில் என்ன என்போரும் உளர். மகாவலியின் கிளைகள் நம் மலையகத் தொழிலாளர் தேயிலை கொய்யும் சரிவுகளில் ஊறுகின்றன. அவ்வாறு கொட்டியாரக் குடாவில் மூதூர் மண்ணைத் தொட்டுக் கடலடைகிறது. ஊற்றிலும் நம்மவர், முடிவிலும் நம்மவர். ஆதலின் கடமையிலும் நமக்குப் பங்குண்டு. மலைச்சரிவில் மரக்கறி பயிரிடும் நம் விவசாயி ஓடைக்கரைவரை மண்ணைக் கொத்துவதையும், மருந்துத் தெளிகருவியை ஓடையிலே கழுவுவதையும் நிறுத்த வேண்டும். பிறரைக் குற்றஞ் சாட்டும் கை தூயதாயிருத்தல் வேண்டும்.

நாம் கோருவன நான்கு. மெத-எல ஆற்றிற் கலக்குமிடத்தில் நீரைத் திங்கள்தோறும் சோதித்து, முடிவை மும்மொழியிலும் வெளியிடுக. கொஹாகொடக் கசிவைக் கரையிலேயே தடுத்துச் சுத்திகரிக்குக. அணைகளுக்குக் கீழே ஆறு உயிர்வாழ்தற்கேற்ற நீரை எக்காலமும் விடுக. கழிவு விடுவோர்மீது, அவர் எவராயினும், வழக்குத் தொடர்க.

நம் சட்டத்தரணிகள் நீதிமன்றம் செல்லட்டும். ஆசிரியர்கள் மாணவரை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லட்டும். விவசாயிகள் கூட்டங்கூட்டித் தீர்மானம் நிறைவேற்றட்டும். ஆறு வாக்களிப்பதில்லை, ஆதலால் அதன் குரலை எந்தக் கட்சியும் எண்ணுவதில்லை. அக்குரலாக நாம் எழுவோம்.