கடைச் சைக்கிளுக்கு எத்தனை கியர் வேண்டும்?

வீடு தேடிச் சரக்கு கொடுக்காத மளிகைக் கடைக்கு வியாபாரம் இல்லை என்னும் நிலை வந்து விட்டது. கைப்பேசியில் ஆர்டர் பிடிக்கும் பெரிய நிறுவனங்களுக்கு ஈடுகொடுக்க நம்மிடம் உள்ளது கடை வாசலில் நிற்கும் சைக்கிளும், அதை மிதிக்கும் வேலையாளும்தான். இரண்டு தெரு தள்ளிப் போடும் அரிசிச் சிப்பத்துக்கெல்லாம் பெட்ரோல் செலவழித்தால் சிறு வியாபாரிக்குக் கட்டுப்படியாகாது.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கடைக்குப் புதுச் சைக்கிள் வாங்கலாம் என்ற எண்ணம் பலருக்கும் எழுவது இயல்பே. ஆனால் விற்பனைக்கு நிற்பவற்றில் பாதி மலைச் சைக்கிள்கள். "21 கியர்" என்று சொன்னவுடன் நாமும் மயங்கி விடுகிறோம். பணத்தைப் போடுமுன் கியர் கணக்கைச் சற்றுப் பார்ப்பது நல்லது.

கணக்கு எளிதானது. பெடல் பக்கத்துச் செயின் வீலின் பற்களைப் பின்சக்கரத்து ப்ரீவீலின் பற்களால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், ஒரு மிதிக்கு வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பது தெரிந்து விடும். நமது பழைய கறுப்புச் சைக்கிளில் முன்னே 44 பல், பின்னே 18 பல் என்று வைத்துக் கொள்வோம். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.23 மீட்டர். ஒரு மிதிக்கு ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் ஓடும். வெறும் வண்டிக்கு இது சரியான அளவு. கேரியரில் 50 கிலோ ஏற்றி, ஆடிக் காற்றுக்கு எதிரே பரவையிலிருந்து சமயநல்லூருக்கு மிதிப்பவருக்கோ இதுவே முழங்கால் வலியாக முடியும்.

மலைச் சைக்கிளின் கதை வேறு. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மலைகளில் கனமான பழைய சைக்கிள்களை வைத்து விளையாடிய இளைஞர்களிடம் பிறந்தது அது. 1981-ல் கடைகளுக்கு வந்த ஸ்டம்ப்ஜம்பர் என்ற வண்டியில் 15 கியர்கள் இருந்தன. பின்பு முன்னே மூன்று, பின்னே ஏழு என்று 21 ஆயிற்று. நம் ஊரில் இன்றும் அதிகம் விற்பது இந்த அமைப்புதான்.

இந்த 21-ம் தனித்தனிக் கியர்கள் என்று எண்ண வேண்டாம். முன்னே 28, 38, 48 பற்கள், பின்னே 14 முதல் 28 பற்கள் உள்ள வண்டியை எடுத்துக் கொண்டால், 28-க்கு 14 போட்டாலும் 48-க்கு 24 போட்டாலும் மிதி ஒன்றேதான். முன்னே பெரியதும் பின்னே பெரியதுமாகப் போட்டால் செயின் கோணலாக ஓடி விரைவில் தேய்ந்து விடும். எண்ணிக்கைக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு இப்படி வீணாகிறது.

இதை மேல்நாட்டு உற்பத்தியாளர்களே உணர்ந்து கொண்டார்கள். 2012-ல் ஸ்ராம் நிறுவனம் முன்னே ஒன்று, பின்னே 11 என்ற அமைப்பைக் கொண்டு வந்தது. 2016-ல் அது 12 ஆயிற்று. 2018-ல் ஜப்பானின் ஷிமானோவும் பின்னே 10 முதல் 51 பற்கள் வரை வைத்து அதே வழிக்கு வந்தது. எண்ணிக்கையில் 21 என்பது 12 ஆகக் குறைந்தாலும், ஏற்றத்துக்கும் வேகத்துக்கும் கிடைக்கும் இடைவெளி முன்னைவிட அதிகம். ஒரே லீவர் என்பதால் குழப்பமும் இல்லை.

அதற்காக 12 கியர் வண்டியை நாம் வாங்க வேண்டியதில்லை. அதன் செயின் மெல்லியது, விலை அதிகம், உதிரிபாகமும் எல்லாச் சைக்கிள் கடையிலும் கிடைக்காது. நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது அதன் தத்துவத்தை மட்டுமே: முன்னே ஒன்று போதும்.

மேலே சொன்ன 21 கியர் வண்டியில் நடுவிலுள்ள 38 பல் செயின் வீலை மட்டும் வைத்துக் கணக்கிடுவோம். அதன் 26 அங்குலச் சக்கரத்தில் ஒரு மிதிக்கு மிகக் குறைந்த தூரம் சுமார் 2.8 மீட்டர், அதிக தூரம் சுமார் 5.6 மீட்டர். அதாவது, கறுப்புச் சைக்கிளின் ஓட்டம் மேல் கியரில் அப்படியே கிடைக்கிறது. பாரம் ஏற்றும்போது பாதி பலத்தில் மிதிக்கும் கியரும் கூடவே கிடைக்கிறது. நமது சமவெளிக்கு இந்த ஏழு கியரே தாராளம்.

எனவே நமது கருத்து இதுதான். சரக்கு 15, 20 கிலோவைத் தாண்டாத கடைகள் பழைய கறுப்புச் சைக்கிளை விட வேண்டியதில்லை. அதன் செயினும் ப்ரீவீலும் எந்தச் சைக்கிள் கடையிலும் மாற்றக் கூடியவை. அதற்கு மேல் பாரம் ஏற்றுபவர்கள் முன்னே ஒன்று, பின்னே ஏழு உள்ள வண்டியைக் கேட்டு வாங்கலாம். முன் ஃபோர்க்கில் ஷாக் அப்சார்பர் வேண்டாம். பாரத்தில் அது வண்டியை ஆட்டத்தான் செய்யும். கெட்டியான கேரியரும், பாரத்தோடு நிறுத்தினாலும் சாயாத இரட்டைக் கால் ஸ்டாண்டும் மாட்ட வழியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வாங்குமுன் சைக்கிளை மிதிக்கப் போகும் வேலையாளையும் கடைக்கு அழைத்துச் சென்று, ஒரு மூட்டை ஏற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக் கொள்கிறோம். முதலாளி பார்த்துப் பிடித்த வண்டியைவிட அவர் மிதித்துப் பிடித்த வண்டியே நாலு வருஷம் உழைக்கும்.