ஆரலை விட்டுடுங்கப்பா!

"ஆப்பிரிக்கன் சிக்லிட் தொட்டியில ஒரு ஸ்பைனி ஈல் விடலாமா?" மீன் வளர்க்கிற நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வந்துவிடும். "தாராளமா விடலாம் பாஸ், என்கிட்ட ஆறு மாசமா இருக்கு, ஒண்ணும் ஆகல" என்று ஒருவர் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இந்தப் பதிலைக் கேட்டால்தான். விடக்கூடாது சாமி. காரணத்தைச் சொல்கிறேன், அப்புறம் திட்டுங்கள்.

ஸ்பைனி ஈல் என்று ஸ்டைலாக விற்கப்படுவது நம்ம ஊர் ஆரல் குடும்பம்தான். விலாங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதுகில் வரிசையாகக் குட்டி முட்கள், முன்னால் நீண்ட மூக்கு. பகலெல்லாம் மணலில் புதைந்து கிடந்து, இருட்டியபின் புழு தேடிக் கிளம்பும் கூச்ச சுபாவி.

எதிரே இருப்பது யார்? கடைகளில் அதிகம் விற்கும் மலாவி ஏரியின் ம்புனா வகைகள். பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பவை. பகல் முழுக்க எல்லைச் சண்டை. பக்கத்தில் எது வந்தாலும் துரத்து, கொத்து.

இப்போது சாப்பாட்டுக் கணக்கு. ஆரலுக்குப் புழு வேண்டும். செதில் தீனியைப் பெரும்பாலும் சீண்டாது. புழுவைப் போட்டால் ம்புனா முந்திக்கொள்ளும். பாசி தின்னும் வயிற்றுக்கு அந்தக் கொழுத்த தீனி ஆகாது. ஆக ஒருவர் பட்டினி, இன்னொருவருக்கு அஜீரணம்!

தரையும் அப்படித்தான். தண்ணீரின் காரத்தன்மை குறையாமலிருக்க சிக்லிட் தொட்டியில் பலர் உடைத்த பவளத்தைப் பரப்புவார்கள். நுண்ணிய செதில் கொண்ட ஆரல் அதில் புதைய முயன்றால் உடம்பெல்லாம் சிராய்ப்பு. சிராய்ப்பில் நோய் தொற்றும். மருந்து ஊற்றினால், பல மருந்துகள் ஆரலுக்கே ஒத்துக்கொள்ளாது.

"டாங்கன்யிகா ஏரியில ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்று ஒரு புத்திசாலி கேட்பார். இருக்கிறது. அந்த ஏரிக்கே உரிய ஆரல் இனங்கள் பத்துக்கும் மேல் உண்டு. ஆனால் ஏரியின் பரப்பு சுமார் 32,900 சதுர கிலோமீட்டர். உங்கள் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் பிடிப்பது சுமார் 250 லிட்டர். அங்கே துரத்தினால் அடுத்த பாறை இடுக்குக்கு ஓடலாம், இங்கே ஓடினால் கண்ணாடி. மேலும் நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஆசிய ஆரல்கள். அவற்றில் டயர் டிராக் எனப்படும் வகை 90 செ.மீ. வரை வளரக்கூடியது. விரல் நீளக் குட்டியாக வாங்கும்போது இதை யாராவது சொன்னார்களா?

சொல்ல மாட்டார்கள். மீன் செத்தால் அடுத்த மீன் விற்கும். 'மறு கொள்முதல்' என்று பி.காம். வகுப்பில் எங்களுக்குப் பாடமே உண்டு. வாடிக்கையாளர் திருப்தியால் திரும்ப வருவார் என்கிறது பாடம். இங்கே சாவு கூட்டி வருகிறது.

அந்த "ஒண்ணும் ஆகல" ஆசாமிக்கு ஒரு கேள்வி. உங்கள் ஆரலை இந்த வாரம் எத்தனை முறை பார்த்தீர்கள்? "அது ஒளிஞ்சே இருக்கும்" என்பீர்கள். பகலில் ஒளிவது அதன் இயல்பு. இரவில்கூட வெளியே வந்து தின்னாமல் கிடந்தால் அது பயம். ஆரல் ஒரே நாளில் சாகாது, மாதக்கணக்கில் இளைத்துச் சாகும். அந்த மாதங்களைத்தான் நீங்கள் வெற்றி என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆரல் பிடிக்குமா? நைசான மணல், சாதுவான துணை மீன்கள், இடுக்கில்லாத மூடி (இல்லாவிட்டால் இரவோடு இரவாக வெளியேறிவிடும்) என்று தனித் தொட்டி வையுங்கள். சிக்லிட் தொட்டியின் அடித்தளம் காலியாகத் தெரிகிறதா? அதே டாங்கன்யிகாவிலிருந்து வரும் சினோடான்டிஸ் கெளுத்திகள் இருக்கின்றன. கூரிய முள்ளோடு பிறந்தவை, கொத்தினாலும் சமாளிக்கும்.

இரண்டுக்கும் இடமோ பணமோ இல்லையென்றால் ஒன்றை மட்டும் வளருங்கள். எந்தத் தொட்டியில் வாழ்வது என்று தேர்ந்தெடுக்க அந்த மீனுக்கு வழியில்லை. தேர்ந்தெடுப்பது நீங்கள்தான், பொறுப்பும் உங்களுடையதுதான்.