முதலமைச்சரைத் தெரியாதவன் விமானம் கட்டக் கூடாதா?

மாண்புமிகு ஒன்றிய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

மும்பை கோவண்டியிலிருந்து எழுதுகிறேன். உழைத்த காலமெல்லாம் விமானப் பராமரிப்பு ஹேங்கரில் ஸ்பேனர் பிடித்தவன். ஓய்வு பெற்ற பிறகு மாலை நேரங்களில் இங்கே ஒரு லேத் பட்டறையில் பையன்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறேன். சொந்தக் கையால் கட்டிய இலகு விமானத்தை ஒரு தனிமனிதன் வைத்துப் பராமரிக்கவும், தேவைப்பட்டால் மாற்றியமைக்கவும் ஒழுங்கான வழி வேண்டும் என்று எழுத வேண்டிய இடங்களுக்கெல்லாம் எழுதிவிட்டேன். வந்தவை பெற்றுக்கொண்டதற்கான ரசீதுகள் மட்டும். அதனால்தான் ஊரறிய எழுதும்படி ஆயிற்று. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

விதிகளை உங்களுக்கு நான் எடுத்துச்சொல்லத் தேவையில்லை. எழுதியவர்களே உங்கள் துறையினர். நான் பேச வந்தது ஒரே ஒரு விமானத்தைப் பற்றி.

அதை நீங்கள் அறிவீர்கள். மும்பை காந்திவலி, சார்கோப்பில் ஒரு குடியிருப்பின் மொட்டைமாடியில் கேப்டன் அமோல் யாதவ் கட்டிய ஆறு இருக்கை விமானம். அமெரிக்காவில் விமானம் ஓட்டப் படித்து, ஜெட் ஏர்வேஸில் விமானியாக இருந்தவர். குறுகலான படிக்கட்டு வழியே லேத்தும் வெல்டிங் மெஷினும் மாடிக்கு ஏறின. இறக்குமதி செய்த இன்ஜினும் அதே வழியில்தான் ஏறியது. மழைக்காலத்தில் தார்ப்பாய் கட்டி வேலை நடந்தது. குடும்பத்தின் பணமெல்லாம் அதில் போனது. 2016 பிப்ரவரியில் பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸில் 'மேக் இன் இந்தியா' வாரம் நடந்தபோது, விமானத்தைப் பிரித்து, மாடியிலிருந்து கிரேன் வைத்து இறக்கி, அங்கே கொண்டுபோய் மறுபடி பூட்டி நிறுத்தினார்கள். நாடே வந்து பார்த்தது. தலைவர்கள் பாராட்டினார்கள்.

அப்போது அந்த விமானத்துக்கு ஒரு பதிவு எண்கூடக் கிடையாது. 2011இல் விண்ணப்பித்தவர் அவர். கோப்பு நகர்ந்துகொண்டிருக்கும்போதே, 2014இல் விதி திருத்தப்பட்டு, சோதனை விமானம் கட்டும் உரிமையிலிருந்து தனிநபர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். ஓடுபவனின் காலடியிலிருந்து பாதையை உருவினாற்போல ஆயிற்று. மாநில முதலமைச்சர் தலையிட்டார். தில்லி வரை பேச்சுப் போனது. 2017 நவம்பரில் பதிவுச் சான்றிதழ் வந்தது. பறந்து பார்க்கும் அனுமதி 2019 அக்டோபரில்தான். அதற்குள் அவர் வேலை பார்த்த ஜெட் ஏர்வேஸே, அந்த ஆண்டு ஏப்ரலில் இறக்கை மடக்கிவிட்டது. 2020 ஆகஸ்டில் தூலே ஓடுதளத்தில் சோதனைப் பறப்பு. விண்ணப்பத்துக்கும் அதற்கும் இடையே ஒன்பது ஆண்டு. இடையில் 2018இல் மாநில அரசு அவரோடு 35,000 கோடி ரூபாய்க்கு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு, பால்கரில் தொழிற்சாலை வரும் என்று அறிவித்தது. பறந்து பார்க்கவே அனுமதி கொடுக்காத விமானத்துக்கு 35,000 கோடியில் தொழிற்சாலை! இந்த இரண்டு முடிவும் ஒரே தேசத்தின் அலுவலகங்களிலிருந்து வந்தவை.

அந்த விமானத்தின் பதிவு எழுத்துகளைப் பாருங்கள், ஐயா. வீ.டி.-என்.எம்.டி. கடைசி மூன்று எழுத்தும் பிரதமரின் பெயரிலிருந்தும் அன்றைய முதலமைச்சர் தேவேந்திர ஃபட்னவீஸ் பெயரிலிருந்தும் எடுத்தது. நன்றிக்கடனாக அவர் வைத்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆறு ஆண்டு நின்று காய்ந்த மனிதன் கதவைத் திறந்துவிட்டவர்களுக்கு நன்றி சொல்வது இயல்பு. ஆனால் உங்கள் துறைக்கு அந்த எழுத்துகள் ஒரு குற்றப்பத்திரிகை. ஒரு குடிமகன் செய்த விமானம் பதிவேட்டில் ஏற, நாட்டின் முதல் நாற்காலியும் மாநிலத்தின் முதல் நாற்காலியும் அசைய வேண்டியிருந்தது என்று அது ஊர் ஊராகச் சொல்லும்.

சரி, ஒருவழியாகப் பறந்துவிட்டது, இனி என்ன என்று கேட்பீர்கள். என் ஆதங்கமே அங்கேதான் தொடங்குகிறது. முதல் பறப்பில் எல்லோரும் கைதட்டுவார்கள். மறுநாள் காலையில் விமானம் ஹேங்கரில் நிற்கும். அதற்குப் பிறகு அது உயிரோடு இருக்கும் காலமெல்லாம் யாரோ ஒருவர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று சொல்கிறேன். ஆயிலை மாற்றும்போது பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடமாட்டோம். டப்பாவை வட்டமாக அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை உருவி, பிழிந்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்போம். மினுமினுப்பாக ஏதாவது தெரிந்தால் காந்தத்தைக் காட்டுவோம். ஒட்டினால் இரும்பு, காம் ஷாஃப்ட் போன்ற ஏதோ ஓர் எஃகுப் பாகம் தேய்கிறது. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம், பிஸ்டன் பக்கம் தேட வேண்டும். இன்ஜின் வாய் திறந்து முறையிடுவதற்கு முன்னால் அந்தக் காகிதம் சொல்லிவிடும். இறக்கையில் ஒரு ரிவெட் தளர்ந்தால் அதன் பின்னால் காற்றடிக்கும் திசையில் கரிக்கோடு போல ஒரு வால் நீளும். கடலோர ஊரில் நிறுத்திய விமானமென்றால் பெயின்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும். மும்பையின் உப்புக்காற்று எந்த அரசாணைக்கும் காத்திருக்காது.

கம்பெனி விமானத்துக்கு இதெல்லாம் புத்தகத்தில் இருக்கும். எங்காவது ஒரு விமானத்தில் ஒரு குறை தெரிந்தால், அதே ரகம் எத்தனை இருக்கிறதோ அத்தனை உரிமையாளருக்கும் கடிதம் வரும். வீட்டில் கட்டிய விமானத்துக்கு யார் கடிதம் எழுதுவார்? கட்டியவன்தான் அதற்குக் கம்பெனி. எந்த ரிவெட்டை எந்த நாளில் அடித்தான், எந்த இடத்தில் தகடு ஒத்துவராமல் இரண்டாவது முறை வெட்டினான் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அமெரிக்காவில் இந்த உண்மையைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். விமானத்தின் பெரும்பகுதியைத் தானே கட்டினேன் என்று காட்டுகிறவன், அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் பழுதுபார்ப்பவன் சான்றிதழ் பெறலாம். ஆண்டுதோறும் அதைச் சோதித்து லாக் புக்கில் தானே கையெழுத்துப் போடலாம். பெரிய மாற்றம் எதையும் செய்தால் பதிவுசெய்துவிட்டு, ஜன நெருக்கமில்லாத பகுதியில் தனியாகப் பறந்து காட்டிய பிறகே வேறு ஆளை ஏற்ற முடியும். இங்கிலாந்தில் இலகு விமானச் சங்கத்தின் ஆய்வாளர்கள் வீட்டுக்கே வந்து, அடுத்த கட்டத்துக்குப் போகும் முன் பார்க்கிறார்கள். இரண்டு நாட்டுக்கும் பாதுகாப்பில் அக்கறையில்லை என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள்.

ஆபத்தைப் பேசாமல் நழுவுகிறேன் என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். நானே பேசுகிறேன். 1997 அக்டோபரில் அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், கலிபோர்னியாவின் மான்டெரே கடலில் விழுந்து இறந்தார். ஓட்டியது வீட்டில் கட்டிய லாங்-ஈஸி ரக விமானம். கட்டியவர் வேறொருவர், இவர் வாங்கியிருந்தார். மூல வரைபடத்தில் எரிபொருள் டாங்கியை மாற்றும் வால்வு விமானியின் கால்களுக்கு இடையில் இருக்கும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் மாற்றிவிட்டார். ஒரு டாங்கி தீர்ந்து அடுத்ததற்கு மாற்ற, ஸ்டிக்கை விட்டுவிட்டு, வலது கையைத் தோளுக்கு மேலே பின்பக்கம் நீட்டி உடம்பைத் திருப்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் ரடர் பெடலை அமுக்கிவிடும். கைப்பிடியில் எந்தப் பக்கம் எந்த டாங்கி என்று ஒரு குறிகூட இல்லை. ஒரு வால்வு இடம் மாறியதும் ஓர் உயிர் போகக் காரணமானது. மாற்றம் என்பது எத்தனை கூர்மையான கத்தி என்று எங்களைப் போன்றவர்களுக்கு நீங்கள் கற்பிக்க வேண்டாம். ஹேங்கரில் வளர்ந்தவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய பயம்.

அந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்கா வீட்டு விமானங்களைத் தடைசெய்துவிடவில்லை. எந்த முடிவு தவறு, எந்த இடத்தில் குறியில்லை என்று தோண்டியெடுத்து, அறிக்கையை உலகுக்கே வெளியிட்டது. விமானம் கட்டுகிறவர்கள் இன்றும் வால்வைப் பொருத்தும்போது அதை நினைத்துக்கொள்கிறார்கள்.

அதே லாங்-ஈஸியை நம் பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகம் 1980களில் கட்டிப் பறக்கவிட்டதும் உங்கள் கோப்புகளில் இருக்கும். பர்ட் ரூட்டான் என்ற தனிமனிதர், தங்கள் கார் ஷெட்டில் கட்டிக்கொள்ள நினைப்பவர்களுக்காக வரைந்த விமானம் அது. கூட்டுப்பொருளில் விமானம் செய்யும் கைப்பழக்கத்தை நம் அரசு ஆய்வகம் அதிலிருந்து பெற்றது. பின்னால் அதே ஆய்வகத்தின் ஹன்சா விமானம் வந்தது. அரசாங்கத்துக்குப் பாடமாக இருந்த வேலை, குடிமகன் செய்தால் மட்டும் எப்படிக் குற்றமாகிறது?

கதவைச் சாத்தினால் கனவு கலைந்துவிடும் என்றா நினைக்கிறீர்கள்? 2021 ஆகஸ்டில் இதே மகாராஷ்டிரத்தில், யவத்மால் மாவட்டம் புல்சாவங்கியில், இருபத்து நான்கு வயது வெல்டிங் தொழிலாளி ஒருவர் தானே செய்த ஹெலிகாப்டரைச் சோதித்தபோது சுழலி தலையில் அடித்து இறந்தார். வீடியோக்களைப் பார்த்தே கற்றவர். அவர் பக்கத்தில் ஓர் ஆய்வாளர் இல்லை. சோதனைக்கு முன்னால் எந்தெந்தப் பிணைப்பைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஒருவர் இல்லை. போய்க் கேட்பதற்கு ஒரு வாசலே அந்த ஊரிலிருந்து கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் குடும்பத்தாரிடம் போய் விதிகளின் நோக்கம் பாதுகாப்பு என்று சொல்ல உங்கள் துறையில் யாருக்கு நா எழும்?

இன்னொருவரும் நம் நாட்டில் பிறந்தவர்தான். கேரளத்து அசோக் தாமராக்ஷன். இங்கிலாந்தில் வேலை பார்த்தபடி, ஊரடங்குக் காலத்தில் ஸ்லிங் ரக நான்கு இருக்கை விமானத்தைக் கிட் வாங்கிக் கட்டி, மகள் தியாவின் பெயரை அதற்கு வைத்து, 2022இல் குடும்பத்தோடு அதில் ஐரோப்பாவைச் சுற்றினார். எந்தப் பிரதமருக்கும் அவர் நன்றிக்கடன் படவில்லை. ஆய்வாளர் பார்த்தார், சோதனைப் பறப்பு முடிந்தது, அனுமதி கிடைத்தது, பறந்தார். நம்மவர் கையில் குறையில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இனி எனக்கு மரியாதை வார்த்தைகள் கூடிவரவில்லை. மன்னியுங்கள் என்றும் சொல்லப்போவதில்லை. 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டத்தை எடுத்துவிட்டு, பாரதிய வாயுயான் அதிநியமத்தை 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள். வடிவமைப்பும் உற்பத்தியும் பராமரிப்பும் தற்சார்பும் அதில் பேசப்படுகின்றன. யாருடைய தற்சார்பு? பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமா? எங்கள் பட்டறையில் ஒரு பையன் இருக்கிறான். அப்பா தேவனாரில் பழைய இரும்பு எடுப்பவர். அலுமினியத் தகட்டைக் கையில் தட்டி ஒலி கேட்டே எந்த ரகம் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடுவான். இந்த வயதிலேயே லேத்தில் நூலிழை பிசகாமல் கடைந்து கொடுக்கிறான். "சாச்சா, நாம ரெண்டு சீட்டு விமானம் ஒண்ணு கட்டுனா யார்கிட்ட காட்டணும்?" என்று என்னிடம் கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவனுக்கு எந்த முதலமைச்சரையும் தெரியாது. வார்டு கவுன்சிலரைப் பார்க்கவே அவன் அப்பா அரை நாள் கூலியை விட வேண்டும்.

ஜூஹுவில் பம்பாய் ஃப்ளையிங் கிளப் 1928இல் தொடங்கியது. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தானே ஓட்டிவந்து அங்கேதான் இறங்கினார். இந்த நகரத்தின் விமானச் சரித்திரமே சின்ன விமானத்தில் தொடங்கியது. அந்த நகரத்தில் பிறந்த ஒரு தொழிலாளியின் மகன் விமானத்தைத் தொட வேண்டுமானால் விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்பது என்ன நியாயம்?

எனக்கு 35,000 கோடி வேண்டாம். ஒப்பந்தம் வேண்டாம், பாராட்டுவிழா வேண்டாம். தானே கட்டிய விமானத்தைத் தானே பராமரிக்கலாம், மாற்றினால் எழுதிவைத்து, தகுந்த ஆய்வாளரிடம் காட்டி, சோதித்த பிறகு பறக்கலாம் என்று தனிநபருக்குப் புரியும் மொழியில் ஓர் ஆணை போடுங்கள். மும்பையிலும் சென்னையிலும் கொச்சியிலும் ஹேங்கர் வேலை தெரிந்து ஓய்வுபெற்ற கைகள் எத்தனையோ சும்மா இருக்கின்றன. கூப்பிட்டால் சம்பளமில்லாமல் வந்து பார்ப்போம். விண்ணப்பத்துக்கு இத்தனை நாளில் பதில் என்று ஒரு கெடு வையுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று காரணத்தோடு எழுதுங்கள். ஒருவர் விண்ணப்பம் மேசையில் இருக்கும்போது விதியை மாற்றி அவரை வெளியே நிறுத்தும் வேலையை இனிமேல் யாருக்கும் செய்யாதீர்கள்.

அதுவரை, எங்கள் பையன் போய்க் கேட்க வேண்டிய அதிகாரியின் பதவிப் பெயரையாவது வெளியிடுங்கள். எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்தக் கிழமை என்று சேர்த்தே சொல்லுங்கள். ஹார்பர் லைன் ரயிலில் நானே அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்புத் தொழிலாளி (ஓய்வு),
கோவண்டி, மும்பை