கனவு பெரிதாகட்டும், முதல் படி எட்டட்டும்

"இணைய வணிகத்தில் சின்ன இலக்கு வைப்பவர் சின்னவராகவே நின்றுவிடுவார், எடுத்த எடுப்பிலேயே பெரிதாக இறங்க வேண்டும்" என்கிறார்கள். உதாரணம் கேட்டால் அமேசானைக் காட்டுகிறார்கள். காட்டுவதை முழுதாகக் காட்ட வேண்டாமா? 1995இல் கடை திறந்த அமேசான் புத்தகம் மட்டுமே விற்றது. இசைத்தட்டுக்கு வந்ததே 1998இல்தான்.

பெரிதாக இறங்கியவர் கதை வேறு. அமெரிக்காவின் இணைய மளிகைக் கடையான வெப்வேன், முதல் ஊரில் லாபம் பார்க்கும் முன்பே, 1999இல் நாடெங்கும் கிடங்கு கட்ட நூறு கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. 2001இல் திவாலானது.

அதே 1999இல் ஜாப்போஸ் என்ற இணையக் காலணிக் கடையைத் தொடங்கிய நிக் ஸ்வின்மர்ன் கிடங்கைப் பற்றி யோசிக்கவே இல்லை. உள்ளூர்க் கடையில் அனுமதி கேட்டு, காலணிகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்ததும் அதே கடையில் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். இதில் லாபம் ஏது? ஆனால், காலில் போட்டுப் பார்க்காமல் மக்கள் செருப்பு வாங்குவார்களா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. அதுதான் அன்றைய இலக்கு. 2009இல் அமேசானே ஜாப்போஸை வாங்கியது.

நம் சிறு வணிகத்துக்கும் இதுவே பொருந்தும். "மாதம் ஒரு லட்சம் சம்பாதிக்க வேண்டும்" என்பது ஆசை. அது நம் கையில் இல்லை. வீட்டிலிருந்து சேலை விற்பவர் கையில் இருப்பது, பகல் வெளிச்சத்தில் நிறம் மாறாமல் படமெடுப்பதும், திரும்பி வந்த ஒவ்வொரு பார்சலும் ஏன் வந்தது என்று விசாரிப்பதும்தான். அவரிடம் போய்ப் பெரிதாக இறங்கு என்று உசுப்பேற்றுவது அநியாயம். நகையை அடகு வைத்துச் சரக்கைக் குவிக்காதீர்கள். இந்த வாரம் பத்துச் சேலை விற்றுப் பாருங்கள்.